திரும்பி வருவதற்கான அத்தாட்சி

பெங்களூரு எனக்கு அத்துப்படி என்று என் மனைவி ஹெலனிடம் கல்யாணம் ஆன நாளிலிருந்து அளந்து வந்திருக்கிறேன். வீடு கோலார் தங்கவயலில், கணக்கர் வேலை பெங்களூரில். காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புகிற கூட்டத்தில் நானும் ஒருவன். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பெங்களூரு இவ்வளவுதான்: கன்டோன்மென்ட் ஸ்டேஷன், ஒரு பஸ், ஆபீஸ், அதற்கு எதிரே ஒரு இட்லிக் கடை. விளக்கு போட்ட பிறகு இந்த ஊர் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அதை அவளிடம் சொல்வானேன் என்று விட்டுவிட்டேன்.

ஜெர்மனியில் இருக்கும் மகள் பிரிசில்லா, சுற்றிப் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டாள். விசாவுக்காக நாங்கள் இருவரும் பெங்களூருக்கு நேரில் போய்க் கைரேகை வைக்க வேண்டும்.

"அப்படியே ரெண்டு நாள் தங்கிட்டு வரலாங்க," என்றாள் ஹெலன். "என்னை ஒரு ஊருக்கும் இட்டுனு போனதில்ல நீங்க. லைட்டெல்லாம் போட்ட கடைத்தெருவுல உங்ககூட நடக்கணும், ஐஸ்கிரீம் சாப்பிடணும். அவ்ளோதான்."

அவள் எதையும் வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. எனக்கு மனசு இளகிவிட்டது. பிரேசர் டவுனில் ஒரு லாட்ஜில் அறை போட்டேன். ஸ்டேஷனுக்குக் கிட்டே இருக்கட்டும் என்று நானே பார்த்துப் பிடித்த இடம் அது.

காலையில் விசா மையத்துக்கு வழிகாட்டியாக நான் முன்னால் நடந்தேன். அரை மணி நேரம் நடந்து, புறப்பட்ட லாட்ஜ் வாசலுக்கே வந்து சேர்ந்தோம். கடைசியில் ஏறிய ஆட்டோக்காரர் என்னைப் பார்த்து, "ஹொசபரா சார்?" என்றார். ஊருக்குப் புதுசா என்று கேட்கிறார். ஹெலன் தெருப் பக்கமாகத் திரும்பிச் சிரித்தாள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் எங்கள் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "நீங்க திரும்பி வருவீங்கங்கறதுக்கு என்ன அத்தாட்சி சார்?" என்று கேட்டாள். ஆபீஸ் கடிதத்தைக் கொடுத்தேன், வீட்டுப் பத்திரத்தைக் கொடுத்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். சட்டைப்பையிலிருந்த ரயில் சீசன் டிக்கெட்டையும் எடுத்து நீட்டினேன். "எங்க போனாலும் சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுவேன் மேடம்." அவள் சிரித்து அதைத் திருப்பித் தள்ளினாள். ஹெலனிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

சாயங்காலம் ஹெலன் குளித்துவிட்டு, மகள் அனுப்பிய பச்சைச் சேலையை எடுத்து வைத்தாள். "நான் கட்டிக்கறதுக்குள்ள கொஞ்சம் மல்லிப்பூ வாங்கினு வாங்க," என்றாள். பூக்கடை ஸ்டேஷன் வாசலில் இருந்தது. வாங்கிக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"டேய் சவரி! இன்னாடா நின்னுனு கீற? வண்டி வந்துடுச்சு, ஓடு! பச்சைமுத்து கர்சீப் போட்டு வெச்சிருக்கான்!"

விஜய்குமார், என் ரயில் சிநேகிதன். புறப்படும் ஸ்டேஷனிலேயே ஏறுகிற பச்சைமுத்து மற்றவர்களுக்காக சீட்டில் கைக்குட்டை போட்டு வைப்பது எங்கள் கோஷ்டியின் வழக்கம். போட்ட கைக்குட்டைக்கு ஆள் வராமல் போனால் அது பெரிய மரியாதைக் குறைவு. நான் ஓடினேன். எதற்கு ஓடுகிறோம் என்று யோசிக்கிற பழக்கம் என் கால்களுக்கு விட்டுப்போய் வெகு காலம் ஆகிறது. ஏறினேன், உட்கார்ந்தேன். மடியில் பெட்டியை வைத்துச் சீட்டுக்கட்டைப் பிரித்தார்கள். அன்றைக்கென்று எனக்கு நல்ல கை.

செல்போன் அடித்தது.

"எங்க கீறீங்க? பூ வாங்க இவ்ளோ நேரமா?"

அப்போதுதான் பக்கத்தில் கிடந்த பூப்பொட்டலத்தைப் பார்த்தேன்.

"மாலூர்ல," என்றேன்.

அவள் கத்தியிருந்தால் தேவலை. "ஆட்டத்துல ஜெயிச்சீங்களா?" என்று கேட்டுப் போனை வைத்துவிட்டாள்.

பாதி வழியில் இருக்கிற அந்த மாலூரிலேயே குதித்து இறங்கினேன். எதிர் வண்டிக்காக அந்த பிளாட்பாரத்தில் காத்திருந்தபோது, என்னைப் போல் ஒரு மடையன் இந்த லைனிலேயே கிடையாது என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அவள் கேட்ட ஒன்றே ஒன்று. அதையும் என்னால் கொடுக்க முடியவில்லை.

லாட்ஜ் வரவேற்பறையில் பச்சைச் சேலையில் உட்கார்ந்திருந்தாள் ஹெலன். பக்கத்தில் இரண்டு கடைப் பைகள். வாடிய பூவை நீட்டினேன். வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அழுதேன்," என்றாள். "அப்புறம் எறங்கி நானே நடந்தேன். எல்லாக் கடையும் பாத்தேன். ஐஸ்கிரீம்கூட சாப்பிட்டேன். நல்லாதான் கீது உங்க ஊரு."

கடைப் பைகளை நகர்த்திவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அந்தக் கவுன்ட்டர் பொண்ணு ஆளு மாத்திக் கேட்டுடுச்சுங்க," என்றாள். "நீங்க எங்க போனாலும் பொழுது சாஞ்சா திரும்பிடுவீங்க. திரும்பி வருவியான்னு என்னைத்தான் கேட்டிருக்கணும்."

அவள் சிரிக்கவில்லை. நான் சீசன் டிக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

மறுநாள் சாயங்காலம் அவள்தான் வழி காட்டினாள். கடைகளில் விளக்கு போடும் நேரம், ஆளுக்கொரு ஐஸ்கிரீமோடு நின்றுகொண்டிருந்தோம். ஸ்டேஷன் பக்கமிருந்து வண்டி ஊதுகிற சத்தம் கேட்டது. ஹெலன் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி போய்ச் சத்தம் ஓய்ந்த பிறகும் அவள் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.