பொங்கியண்ணன் தாசில்தாரை விற்கப் போன வியாழக்கிழமை

1994ஆம் ஆண்டு ஆடி மாதம் இரண்டாம் வியாழக்கிழமை பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு வந்த உருப்படிகளில் ஆயிரத்து நூற்றுச் சொச்சம் சதையும் ரத்தமுமானவை. ஒன்று மட்டும் பேப்பரில் அச்சடித்தது. ஓட்டி வந்தவரும் அச்சில் வந்தவரே. வாசலில் சீட்டுப் போடுகிறவர் எல்லா எருதுக்கும் கிழிப்பதுபோல் அதற்கும் ஒரு சீட்டைக் கிழித்துக் கொடுத்து, அடுத்தவரைக் கூப்பிட்டார்.

இருவரையும் பொள்ளாச்சியில் தெரியாதவர் கிடையாது. கோவையில் அச்சாகும் ஒரு தினத்தாளின் ஞாயிறு இணைப்பில், எண்பத்தொன்றாம் வருடத்திலிருந்து நான்கு கட்டத்தில் வந்த படக்கதை அவர்களுடையது. முதல் கட்டத்தில் பொங்கியண்ணன் எருதை ஏரில் பூட்டுவார். இரண்டாம் கட்டத்தில் எருது படுத்துக்கொள்ளும். மூன்றாவதில் பொங்கியண்ணன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டுவார். நான்காவதில் அவரும் பக்கத்தில் படுத்துக்கொள்வார். பதின்மூன்று வருடமாக இதே கதைதான். எத்தனை முறை போய்க் கேட்டாலும் நகராது என்பதால் எருதுக்குத் தாசில்தார் என்று பெயர். இவ்வளவுதானா என்று கேட்பவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களோடு நமக்குப் பேச்சில்லை.

தரகர் சின்னானுக்கு அந்த நான்கு கட்டம் இல்லாமல் ஞாயிறு விடியாது. பண்ணையத்தில் மாடு மேய்த்தே சின்ன வயது போய்விட்டதால் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவர். நாற்பதாவது வயதில், சந்தை வாசலில் கயிறும் மணியும் விற்கும் ரசாக் உரக்கப் படிக்க, எழுத்தின்மேல் விரல் வைத்துக் கூடவே வந்து படிக்கக் கற்றுக்கொண்டார். அதனால் அவருக்கு முதலில் படிக்க வந்தவையெல்லாம் வசவுகள். ஊர்ப் பிள்ளைகளுக்கு 'அ' என்றால் அம்மா. சின்னானுக்கு 'அட கெரகமே!' அப்படிப்பட்டவர் முந்தின ஞாயிறு நான்காம் கட்டத்தைப் பார்த்ததும் டீயைக் கீழே வைத்துவிட்டார். பொங்கியண்ணன் தாசில்தாரின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டத்தைவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தார். தலைக்கு மேல், 'விக்கறதுக்குப் பொள்ளாச்சி சந்தைக்குப் போறோமுங்க' என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், அடுத்த வாரம் நிறைவுப் பகுதி. எருது விற்றுப்போனால் கதை முடிந்தது. நான்கு நாளாகச் சின்னானுக்குச் சோறு இறங்கவில்லை. "எழவு ஊடாட்டம் உக்காந்திருக்கறீங்களே" என்று வீட்டுக்காரி செவ்வந்தி ஏசினாள்; ஏசிவிட்டு அவளும் போய் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

சந்தையில் காற்று விடவில்லை. பாலக்காட்டுப் பக்கமிருந்து வந்த ஆடிக்காற்று எருதை இரண்டு முறை புளியமரத்தில் கொண்டுபோய் மாட்டியது. பிறகு நான்கு கால்மேலும் நான்கு செங்கல் வைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் லட்சணமான எருது. நேரே நின்று பார்த்தால் ஒரு கோடு. பல்லைப் பிடித்துப் பார்க்கப் போனவர்கள் வாயே ஒரு கீற்றுதான் என்று கண்டு திரும்பினார்கள். சுழி பார்க்கிறவர்கள் தேடித் தேடிப் பார்த்துவிட்டு, நல்ல சுழியும் இல்லை, கெட்ட சுழியும் இல்லை, வரைந்த புண்ணியவான் சுழியே போடவில்லை என்றார்கள். மறுபக்கம் திருப்பினால் பம்ப்செட் விளம்பரம், இரண்டு வருட உத்தரவாதத்தோடு. அது எருதுக்கும் சேருமா என்று ஒருவர் கேட்டார். பொங்கியண்ணன் தன் முதுகைத் திருப்பிக் காட்டினார். அதில் 'நிபந்தனைகளுக்கு உட்பட்டது' என்று இருந்தது.

வாசகர்கள் யாரும் விலை கேட்கவில்லை. தொட்டுப் பார்த்து, விரலில் ஒட்டிய மையைத் துடைக்க மனமில்லாமல் நின்றார்கள். கேட்டவர் கோவிந்தராஜுலு, உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர், ரேடியோச் செய்தி தவிர வேறெதுவும் அறியாதவர். "தீனி கேக்காது, தண்ணி கேக்காது, சாணி அள்ள வேண்டாம். மழ வந்தாச் சுருட்டிப் பொட்டியில வெச்சுக்கலாமுங்க" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அவர் கைகாட்டிக் கூப்பிட்ட தரகர் சின்னான். மறுத்தால் இன்னொரு தரகன் வந்து இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுவான். தவிர, இருபத்து மூன்று வருடத்தில் துண்டுக்குள் போன சின்னானின் கை பேரம் முடியாமல் வெளியே வந்ததே இல்லை.

சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. கையைத் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துச் சொல்வது வழக்கம்; விரலுக்கு ஆயிரம். பொங்கியண்ணனுக்கு அந்த மறைவு ரொம்பவே வேண்டியிருந்தது, அவர் வாயைத் திறந்தால் தலைக்கு மேல் எழுத்தாக வந்து சந்தையே படித்துவிடும். சின்னான் வாயால் ஆயிரம் புளுகுவார். துண்டுக்குள் மட்டும் புளுகமாட்டார். கோவிந்தராஜுலு ஐந்து விரலையும் கொடுத்து, இதற்கு மேல் ஏறமாட்டேன் என்றார். சின்னான் அந்த ஐந்தைக் கொண்டுபோய்ப் பொங்கியண்ணன் கையைப் பிடித்தார். நான்கு விரல்தான் இருந்தது. தடவித் தடவிப் பார்த்தார். கட்டைவிரலோடு சேர்த்தே நான்குதான். பதின்மூன்று வருடம் பார்த்தும் யாருக்கும் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

பொங்கியண்ணன் மனதிலிருந்த விலையும் ஐந்துதான். ஆனால் ஐந்தை எப்படிப் பிடித்தாலும் அவர் கையில் நான்காகத்தான் விழுந்தது. அவர் தலையை ஆட்டி மறுப்பார். சின்னான் திரும்பிப் போய், "ஒத்துக்கலீங்க" என்பார். கோவிந்தராஜுலு மறுபடியும் அதே ஐந்தைக் கொடுப்பார். பொய்யும் சொல்லவில்லை, பேரமும் படியவில்லை. சின்னானுக்கு உள்ளுக்குள் ஒரே கும்மாளம். இப்படி மத்தியானம்வரை நடந்தார். பதினேழாவது நடையில் பொங்கியண்ணன் சலித்துப்போய், பிடித்த கையைத் திருப்பி அமுக்கினார். சந்தையில் அதற்கு ஒரே பொருள்: சரி, கொடுத்தாச்சு. இனிச் சின்னான் கோவிந்தராஜுலுவைப் பார்த்துத் தலையசைக்க வேண்டியதுதான் பாக்கி.

சின்னான் கையை உருவிக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் "அய்யய்யோ" என்றார்கள்.

"என்னால ஆகாதுங்க. விக்காதீங்க பொங்கியண்ணா. நான் எழுத்துப் படிச்சதே உங்க வாயப் பாத்துத்தானுங்க. நீங்க போயிட்டா ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு எனக்கு எதுக்குங்க?" என்று ஐம்பத்து மூன்று வயது ஆள், அத்தனை மாட்டுக்கும் நடுவில், தேம்பித் தேம்பி அழுதார்.

பொங்கியண்ணன் தலைக்கு மேல், "நீங்க எங்களப் படிக்கறீங்களா?" என்று சின்ன எழுத்தில் வந்தது. பிறகு பெரிதாக வந்தது. "எங்களுக்குத் தெரியாதுங்க. பேப்பருக்குள்ள இருந்து பாத்தா வெளிய ஒண்ணுமே தெரியாதுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலமானாச் சுடச்சுட எண்ணெ மட்டும் மேல எறங்கும். போண்டா கட்டறதுக்குத்தான் எங்கள வரையறாங்கன்னு இருந்துபோட்டோமுங்க. அதுக்கு இவன் எங்கியாவது நல்லா இருக்கட்டுமேன்னுதான் ஓட்டியாந்தேன்." அவ்வளவு நீளப் பேச்சு அவர் தலைக்கு மேல் அதுவரை வந்ததில்லை, காற்றில் பிய்த்துக்கொண்டு போகாமலிருக்க ரசாக் அதற்கு ஒரு கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டார்.

சந்தைக்கே வெட்கமாகிவிட்டது. முதலில் வாயைத் திறந்தவள் மோர் விற்கும் மாரியாத்தாள். "எம்பத்தாறு பொங்கலுக்கு மால போட்டும் இவன் எந்திரிக்கலியேங்க, அன்னிக்குச் சிரிச்சு எங்கூட்டுத் தயிர்ச்சட்டி ஒடஞ்சு போச்சுங்க" என்றாள். அப்புறம் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். பொழுது சாயும்வரை சொல்லியும் தீரவில்லை. கேட்டுக்கொண்டே இருந்த தாசில்தார் செங்கல்லோடு படுத்துக்கொண்டது. பொங்கியண்ணன் ஒரு பாட்டம் திட்டிவிட்டு, தானும் பக்கத்தில் படுத்துக்கொண்டார். சந்தை கைதட்டியது. கோவிந்தராஜுலு வேறு தரகரைப் பிடித்து, நன்றாகத் தின்னக்கூடிய ஓர் எருதை வாங்கிக்கொண்டு போனார்.

இருவரையும் மடிக்காமல் சுருட்டிக் கோவை பஸ்ஸில் ஏற்றினார்கள். கண்டக்டர் பொங்கியண்ணனுக்கு டிக்கெட்டும் தாசில்தாருக்கு லக்கேஜும் போட்டார். வரைகிறவர் நிறைவுப் பகுதியை வரைந்துதான் கொடுத்திருந்தார். ஆனால் அச்சில் சந்தையும் புளியமரமும் விழுந்தனவே தவிர, இவர்கள் இருவரும் அதில் வந்து நிற்க மறுத்துவிட்டார்கள். கடைசி நேரத்தில் வழக்கமான நான்கு கட்டமே போயிற்று. சின்னானைத்தான் ஆறு மாதம் ஒருவரும் பேரத்துக்குக் கூப்பிடவில்லை. ரசாக் கடையில் உட்கார்ந்து கயிறு திரித்தார். போன பேர் போகட்டும் என்றார், மனதாரத்தான் சொன்னார்.

அதன்பிறகு பொள்ளாச்சியில் அந்தப் பக்கத்தில் யாரும் போண்டா கட்டுவதில்லை. ஞாயிறு காலை படித்து முடித்ததும் சின்னான் பேப்பருக்கு நேரே குனிந்து, "பொங்கியண்ணா, படிச்சுப்போட்டேனுங்க" என்று சத்தமாகச் சொல்வார். நான்காம் கட்டத்தில் படுத்திருக்கிறவர் தலைக்கு மேல் 'சரிங்க கண்ணு' என்று வரும். சின்னான் பேப்பரைச் செவ்வந்தியிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போவார். அவளும் படித்துவிட்டு ஒரு குரல் கொடுப்பாள்.