ஆண்டுக் கடைசிக் கூரை

டிசம்பர் முப்பத்தொன்று, இன்னும் விடியவில்லை. காங்வோன் மலைக்காற்று கட்டடத்தைச் சுற்றிக் கட்டிய கூடாரத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்தது. நாங்கள் காங்கிரீட் ஊற்றுவதற்குப் பலகை அடிப்பவர்கள். புதுக் கூரைக்குக் கீழே நின்று அதைத் தாங்கிய முட்டுகளைத் தட்டிக் கழற்றத் தொடங்கினோம். ஈரக் கையுறை இரும்போடு ஒட்டிக்கொண்டது.

அரசு மருத்துவமனைக் கட்டடம். ஒதுக்கிய பணத்தை ஆண்டு முடிவதற்குள் செலவழித்துக் காட்டாவிட்டால் அது கருவூலத்துக்கே திரும்பிவிடும். அதனால் எங்கள் பக்கம் டிசம்பரில்தான் எல்லா வேலையும் பறக்கும். அந்தக் குளிரில் காங்கிரீட் ஊற்றினால் அது உறைந்து கெடாமல் இறுகக் கீழே கரி அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கரிக்கும் அரசாங்கம் பணம் கொடுத்திருந்தது. ஒப்பந்தம் எடுத்த குக் முதலாளி பாதி அடுப்புகளைப் பற்றவைக்கவே இல்லை.

எங்கள் மேஸ்திரி மா தோங்சோல் கூரையை ஆணியால் கீறினார். ஈர மணலாய் உதிர்ந்தது. இப்போது கழற்றக் கூடாது என்று குக்கிடம் போய்ச் சொன்னார். வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போடக் காலையில் அதிகாரி வருகிறார், கழற்றாதவன் சம்பளத்தை மறந்துவிடலாம் என்று பதில் வந்தது. மேஸ்திரி காறித் துப்பிவிட்டுச் சுத்தியலை எடுத்தார். நாங்களும் எடுத்தோம்.

கூரை இடிந்து இறங்கியபோது காற்றுதான் முதலில் அறைந்தது. எழுந்தபோது என் வாயில் சிமெண்டும் உடைந்த பல்லும். மேஸ்திரியின் இடுப்புக்குக் கீழே கூரை கிடந்தது. தோளைத் துளைத்துக் கம்பி வெளியே நின்றது. பலகையில் ஆணி பிடுங்கும் சுன்ரே அக்கா அவர் தலையை மடியில் ஏந்தியிருந்தாள். பனியில் வழிந்த இரத்தத்திலிருந்து ஆவி எழுந்தது. பிறகு அதுவும் நின்றது.

குக் வந்தார். கூரையைத்தான் பார்த்தார்.

"துணி போட்டு மூடுங்க. அதிகாரி முன்பக்கம் பாத்துட்டுப் போயிருவாரு. ஜனவரியில மறுபடி ஊத்திக்கலாம்."

"எந்தக் காசுல?" என்றாள் அக்கா.

"அரசாங்கக் காசு. உங்கப்பன் வீட்டுக் காசா?"

"எங்கப்பன் குடிச்ச ஒவ்வொரு பாட்டிலுக்கும் வரி கட்டிட்டுத்தான் செத்தான். ஆமா முதலாளி, எங்கப்பன் காசுதான்."

அவர் தொலைபேசியை எடுத்தார். சற்று நேரத்தில் வேனிலிருந்து கூலி அடியாட்கள் இறங்கினார்கள். உடலை இழுத்துப் போட வந்தவர்கள். முதல் இரும்புக் குழாய் என் முன்கையில் விழுந்தது. எலும்பு முறிவது கேட்டது. மறு கையில் சுத்தியல் இருந்தது. அவன் முழங்காலில் இறக்கினேன். அக்காவின் விலாவில் ஒருவன் உதைத்தான். அவள் குனிந்தாள். மேஸ்திரியின் தலையை விடவில்லை.

கம்பி கட்டுபவர்கள் பின்கட்டிலிருந்து வந்தார்கள். கூலித் தகராறில் எங்களோடு பேச்சை நிறுத்தியவர்கள், தனித் தீ மூட்டித் தனியே சூப் குடித்தவர்கள். எங்களுக்கு நடுவே நுழைந்து கைகோத்து, மேஸ்திரியைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் ஒருவன் மண்டை உடைந்தது. வளையம் உடையவில்லை. அடியாட்கள் குக்கின் முகத்தைப் பார்த்தார்கள்.

அப்போது அதிகாரியின் கார் நுழைந்தது. குக் குனிந்தபடி ஓடினார். அவரைத் தாண்டிக் கேட்கும்படி அக்கா பேசினாள்.

"ஐயா, எங்க எல்லார் காசுலயும் போட்ட கூரை எங்க ஆளு மேல கிடக்கு. உள்ள வந்து பாக்குறீங்களா, வாசல்லயே நின்னு கையெழுத்துப் போடப் போறீங்களா?"