மலைக்குப் போன உயரம்

மேகமலைத் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு இறங்கி வந்த அன்று மதன்குமாரின் உயரம் அரை அங்குலம் குறைந்திருந்தது. பாலக்காட்டுத் தொழில்முறைக் கால்பந்து அணியில் அவன் கோல்கீப்பர். மாதந்தோறும் வீரர்களின் எடையையும் உயரத்தையும் பார்ப்பது அணியின் வழக்கம். அளவுகோலில் ஏதோ கோளாறு என்று முதலில் நினைத்தார்கள். மற்ற வீரர்களை நிறுத்திப் பார்த்தபோது எல்லோரும் போன மாதத்து உயரத்திலேயே இருந்தார்கள். அணி மருத்துவர் அவனுடைய முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்தார். எலும்பில் ஒரு குறையும் இல்லை, உயரம்தான் இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டார். சின்னமனூர்ப் பக்கம் அந்த வாரம் வாழைத்தார் விலை பாதியாக இறங்கியிருந்ததால் ஊரில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஆனால் அவன் தகப்பனார் ஒச்சாண்டி வீட்டுக்கு அரை அங்குலம் என்பது சின்னச் சங்கதி அல்ல. ஊர் முத்தாலம்மன் கோயிலின் முகப்பில் இரண்டு கல்தூண்களும் அவற்றின் மேல் ஒரு குறுக்குக் கல்லும் உண்டு. வைகாசிப் பொங்கலன்று அந்தக் குறுக்குக் கல்லில் மாவிலைத் தோரணம் கட்டும் உரிமை நான்கு தலைமுறையாக இந்த வீட்டுக்குத்தான். ஏணி வைக்கக் கூடாது, ஒருவர் தோளில் ஏறக் கூடாது, வெறுங்காலோடு தரையில் நின்று கையை நீட்டிக் கட்ட வேண்டும். கட்டியவருக்கு முதல் பரிவட்டம். அதனால் இந்த வீட்டார் பெண் எடுக்கும்போது நகையைப் பார்த்ததில்லை, உயரத்தைப் பார்த்தார்கள். மதன்குமாரின் தாய் மொக்கம்மாளை ஆண்டிபட்டியிலிருந்து எடுத்ததும் அப்படித்தான். ஒச்சாண்டி எழுபது வயதைக் கடந்தும் முதுகு வளையாதவர். தென்னையிலிருந்து விழுந்து தோள்பட்டை இறங்கிய பிறகு, கை மேலே எழாததால், உரிமையை மகனிடம் கொடுத்தார். இந்த வீட்டாரால் என்றைக்குக் கட்ட முடியாமல் போகிறதோ அன்றைக்கு உரிமை வைகுண்டராஜ் வீட்டுக்குப் போகும். அவர்கள் ஏணி வைத்துக் கட்டலாம் என்பது ஊர்க்கட்டு. ஆகவே ஒவ்வொரு வைகாசியிலும் வைகுண்டராஜ் ஓர் ஏணியைக் கொண்டுவந்து வேப்பமரத்தில் சாய்த்து வைப்பார்.

"என்ன மச்சான், இந்த வருசமும் ஏணியைச் சும்மாதான் தூக்கிட்டுப் போகணுமா?" என்று கேட்பார்.

"உன்னைய யாரு தூக்கிட்டு வரச் சொன்னது? கொண்டுபோயி வீட்டுக்கு வெள்ளையடி" என்பார் ஒச்சாண்டி.

மகன் அரைக்கால்சட்டை போட்டுக்கொண்டு பந்து விளையாடப் போவதை ஒச்சாண்டி முதலில் விரும்பவில்லை. பாலக்காட்டு மைதானத்தில் அவன் நிற்கும் இடத்தை ஒருமுறை நேரில் பார்த்த பிறகுதான் சம்மதித்தார். இரண்டு தூண்களுக்கும் ஒரு குறுக்குச் சட்டத்துக்கும் கீழே நின்று, மேலே கையை நீட்டிக் காவல் காப்பது தங்கள் வீட்டு ஆண்பிள்ளை செய்யத் தகுந்த வேலைதான் என்று ஊரில் சொன்னார். அந்தப் பருவத்தின் முடிவில் அணி கொடுத்த சிறந்த வீரர் கோப்பையைச் சந்தனம் தடவி நடுக்கூடத்தில் வைத்தார். பார்க்க வந்தவர்களுக்கு வாழைப்பழமும் காப்பியும் கொடுக்கப்பட்டன.

அந்த அணிக்கு இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒவ்வொரு வீரனும் மாதத்தில் ஒரு நாள் மக்களுக்கு ஏதாவது செய்தாக வேண்டும். பள்ளிக்கூடம், மருத்துவமனை, ரத்ததான முகாம் என்று வீரர்கள் போவார்கள். பேனர் கட்டுவார்கள், பிஸ்கட் பொட்டலம் கொடுப்பார்கள், போட்டோ எடுத்துக்கொண்டு வேனில் ஏறிவிடுவார்கள். மதன்குமார் மேகமலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வேன் கிளம்பிய பிறகும் அவன் மலையை விட்டு இறங்கவில்லை. தேயிலைக் காட்டுக்குள் இருந்த சரிவான புல்வெளியில் சில்வர் ஓக் கம்புகளை நட்டு, கோல் கம்பம் கட்டினான். கோல் காக்கிறவன் சட்டத்தைக் கண்ணால் அறிந்தால் போதாது, கையால் அறிந்திருக்க வேண்டும் என்பது அவன் கொள்கை. அதனால் ஒவ்வொரு பிள்ளையையும் இடுப்பைப் பிடித்துத் தூக்கி மேல் சட்டத்தைத் தொடவைத்தான். லைன் வீட்டுப் பிள்ளைகள் வயதுக்கு ஏற்ற வளர்த்தி இல்லாதவர்கள். கொழுந்து பறிக்கும் செபஸ்தியம்மாளின் மகள் அருள்செல்விக்குப் பன்னிரண்டு வயது. பார்த்தால் ஆறு சொல்லலாம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்க் குழாய் அவளுக்கு எட்டாது, யாராவது திறந்துவிட்டால்தான் குடிப்பாள். அவளையும் தூக்கினான். அடுத்த மாதம் அவன் போனபோது அவளே குழாயைத் திறந்து தண்ணீர் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

அவன் உயரம் போகும் இடம் அன்றே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மொக்கம்மாளுக்கு அவன் துணியைத் துவைக்கும்போது தெரிந்தது. சட்டைக் கை அழுக்காகும் இடம் மாறியிருந்தது.

"ஏலே, நிப்பாட்டிட்டா என்ன?" என்று கேட்டாள்.

"நிப்பாட்டலாம்மா. அங்கன இன்னும் குழாய் எட்டாத பிள்ளைக இருக்குதுக."

"உனக்குக் கோல் சட்டம் எட்டாமப் போயிரும்டா."

"எம்பிக்கிறேன்" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். மொக்கம்மாள் சிரிக்கவில்லை.

இரண்டு பருவங்கள் அப்படிப் போயின. அவன் தலைக்கு மேலே பந்துகள் கோலுக்குள் போகத் தொடங்கின. "எடா மதனே, போஸ்ட் பெருசாகுதா, நீ செறுதாகுதா?" என்று மலையாளக் கோச் அவன் தோளைப் பிடித்துக் கேட்டார். அதற்குப் பிறகு அவன் பெரும்பாலும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அந்தச் சித்திரையில் அணி அவனுக்குச் சமூகத் தொண்டு விருதைக் கொடுத்தது. கோப்பையோடு வீட்டுக்கு வந்தவனை ஒச்சாண்டி வாசலிலேயே நிறுத்தினார்.

"எத்தனை கோல் தடுத்ததுக்கு இது?"

"கோல் தடுத்ததுக்கு இல்லப்பா. மலைக்குப் போயி வந்ததுக்கு."

"மலைக்குப் போனதுக்கெல்லாமா கோப்பை குடுக்குறாக? நம்ம சொத்தை ஊராளுக்கு எழுதிக் குடுத்துட்டு வந்தவனுக்கு அவுக தாம்பாளம் நீட்டுறாக, நீயும் வாங்கிட்டு வந்து நிக்கிற."

கோப்பை மாட்டுக் கொட்டத்து அலமாரிக்குப் போனது. இனிமேல் மலையேறக் கூடாது என்று ஒச்சாண்டி சொன்னார். மதன்குமார் எதிர்த்துப் பேசவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் அப்படி வளர்க்கப்படவில்லை. வைகாசிப் பொங்கலுக்கு அவன் நுனிக்காலில் நின்று தோரணம் கட்டினான். நுனிக்கால் ஊர்க்கட்டுக்குள் அடங்குமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். குதிகால்தான் காலென்று எங்கும் சொல்லவில்லை என்று பூசாரி பரிவட்டத்தைக் கட்டிவிட்டார். ஒச்சாண்டி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஓராண்டு முழுவதும் மதன்குமார் மலைக்குப் போகவில்லை. உயரம் குறையவில்லை. ஆனால் போனதில் ஒரு நூலளவுகூடத் திரும்பவும் இல்லை. ஒச்சாண்டி தேவதானப்பட்டியிலிருந்து வைத்தியரை வரவழைத்தார், முட்டையும் எள்ளுருண்டையும் கொடுத்துப் பார்த்தார், மாமரக் கிளையில் தொங்கச் சொன்னார். மலையில் பிள்ளைகள் விட்ட இடத்திலேயே நின்றார்கள். ஆண்டு முடிவில் மதன்குமார் தகப்பனிடம் போய், "போகாம இருந்தாலும் திரும்பி வரமாட்டேங்குதுப்பா. வராததுக்குக் காத்துக்கிட்டு இருக்கிறதுக்கு, இருக்கிறதை எடுத்துக்கிட்டுப் போயிட்டு வர்றேன்" என்றான். போ என்று அவர் சொல்லவில்லை. போகாதே என்றும் அவரால் சொல்ல முடியவில்லை.

அந்த வைகாசியையும் நுனிக்காலிலேயே கட்டி ஒப்பேற்றினான். மறுபடி மலையேறத் தொடங்கி ஓராண்டு கழிந்த அடுத்த வைகாசியில் அவன் கை குறுக்குக் கல்லுக்கு எட்டவில்லை. நுனிக்காலில் நின்றும் ஒரு சாண் மீதி இருந்தது. மேளக்காரர்கள் வாசிப்பை நீட்டிக்கொண்டே போனார்கள். தோரணத்தை இரண்டு கைகளிலும் பிடித்தபடி அவன் அண்ணாந்து நின்றான். மாவிலைகள் அவன் முகத்தில் உரசின. யாரும் சிரிக்கவில்லை. அத்தனை வருடங்கள் ஏணியோடு காத்திருந்த வைகுண்டராஜ் அதைத் தூக்கி வரத் தயங்கினார். "மச்சான், நீ சொல்லாம நான் எடுக்கமாட்டேன்" என்றார். ஒச்சாண்டிதான் வேப்பமரத்துக்குப் போய் ஏணியைத் தம் கையால் நகர்த்திக் கொடுத்தார். முதல் பரிவட்டம் அன்றைக்கு வேறு தலையில் ஏறியது.

பொங்கல் முடிந்த மறுநாள் ஒச்சாண்டி வெள்ளை வேட்டி கட்டி, துண்டைத் தோளில் போட்டு, சின்னமனூரில் ஜீப் பிடித்து மலைக்குப் போனார். பாகம் பிரிக்காத சொத்தைத் தெரியாமல் அனுபவிப்பவர்களிடம் பேசப் போகிறவரைப் போலத்தான் போனார். லைன் வீட்டு முற்றத்தில் நின்று, "எங்க வீட்டு உயரம் இங்கன இருக்கு. கேட்டு வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்" என்றார். பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அளந்து கிழிச்சுத் தர்றதுக்கு இதென்ன துணியா?" என்று ஒருத்தி பின்னாலிருந்து சொன்னாள்.

செபஸ்தியம்மாள் அவளை அடக்கினாள். "நாங்க கேட்டு வாங்கலைங்கய்யா, அவுகளாக் குடுத்தாக. உங்களுதுன்னா எடுத்துக்கிட்டுப் போங்க. எப்பிடி எடுக்கணும்னுதான் எங்களுக்குத் தெரியல."

அந்த வீடுகளின் வாசற்படி நிலைகள் மிகவும் தாழ்ந்தவை. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியவை. உள்ளே போகிறவர் யாரானாலும் தலையைத் தாழ்த்தித்தான் போக வேண்டும். அருள்செல்வி உள்ளேயிருந்து ஏறக்குறைய இரண்டாக மடிந்து வெளியே வந்தாள். வெளியே வந்த பிறகும் நிமிரவில்லை.

"தாத்தா, உங்களுக்கு முன்னால நான் இப்பிடியே நின்னுக்கிறேன்" என்றாள்.

ஒச்சாண்டி அவளைப் பார்த்தார். கழுத்து எழும்பும் இடம், இடது தோள் சற்று ஏறியிருக்கும் விதம், எல்லாம் காலமான அவருடைய தகப்பனாருடையது. தம் தகப்பனார் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து நின்று அவர் பார்த்ததில்லை. பிறகு, ஊரில் ஆட்களை அதட்டும் குரலில், "நிமிந்து நில்லு ஆத்தா. அது எங்க வீட்டு உயரம். யாரு முன்னாலயும் குனியக் கூடாது" என்றார். அவள் நிமிர்ந்தபோது அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. கொண்டுவந்த வார்த்தைகள் எதையும் அதற்குமேல் அவர் சொல்லவில்லை. கொடுத்த கட்டங்காப்பியைக் குடித்துவிட்டு இறங்கினார். அடுத்த மாதம் பிறந்ததும், "மேல போகலையா?" என்று மகனிடம் அவரே கேட்டார்.

அணி மதன்குமாரை விடுவித்துவிட்டது. அவன் மலைக்குப் போவதை விடவில்லை. பிள்ளைகளைத் தூக்க முடியாத அளவுக்கு அவன் சிறுத்த பிறகு, பிள்ளைகள் அவனைத் தூக்கிச் சட்டத்தைத் தொடவைத்தார்கள். அப்போதும் அவன் உயரம் அவர்களுக்குப் போனது. கடைசி நாட்களில் மொக்கம்மாள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் வந்தாள். மடியில் இருக்கும் பிள்ளைக்கு டிக்கெட் வேண்டாம் என்று கண்டக்டர் சொன்னபோது, "முழு டிக்கெட் குடுங்க. அவனுக்கு இருபத்தாறு வயசு" என்றாள். மலைப்பாதையில் பஸ் குலுங்கும்போதெல்லாம் அவன் தலையைத் தன் கையால் அணைத்துக்கொண்டாள். கைக்குழந்தையாக இருந்தபோது அவனை அப்படி அணைத்த நினைவு அவளுக்கு இருந்தது. அன்றைக்கு அவன் வளர்ந்துகொண்டிருந்தான், அதுதான் வித்தியாசம்.

ஐப்பசி அடைமழையில் அவனுக்குக் குளிர் தாங்கவில்லை. அவனுடைய கோல்கீப்பர் கையுறை ஒன்றுக்குள் பஞ்சு வைத்துப் படுக்கவைத்தார்கள். "அம்மா, கதவைச் சாத்தாத" என்று கேட்டான். குரல் அவளுக்கு மட்டும் கேட்டது. விடிந்து பார்த்தபோது கையுறை இருந்தது, கதகதப்பு இருந்தது, அவன் இல்லை. எடுத்துச் செல்ல உடம்பு இல்லாததால் எப்படிச் செய்வது என்று பங்காளிகள் திகைத்தார்கள். அவனுடைய பழைய உயரமான ஆறடி இரண்டு அங்குலத்துக்குப் பாடை கட்டச் சொன்னார் ஒச்சாண்டி. அப்படியே கட்டினார்கள். நான்கு பேர் சுமந்தார்கள். சுமந்தவர்கள் கனமாக இருந்தது என்றே சொன்னார்கள். ஒரு முனையில் வைகுண்டராஜ் இருந்தார்.

விடுவித்த பிறகும் அந்தப் பருவத்தின் தொண்டு விருதை அணி அவனுக்கே கொடுத்தது. ஒச்சாண்டி தலைப்பாகை கட்டிப் போய் வாங்கினார். மேடையில் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை அவர் உயரத்துக்கு உயர்த்திவைக்க ஓர் ஆள் ஓடிவந்தான். "எம்மகன் ஆறடி ரெண்டு அங்குலம். யாரும் குறைச்சுச் சொல்லக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். மொழி புரியாத வீரர்களும் எழுந்து நின்றார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், தூங்கவில்லை.

தை பிறந்ததும் அவர் தோட்டத்துத் தேக்குகளை வெட்டி அறுக்கக் கொடுத்தார். ஒரு தச்சரையும் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு மேகமலைக்குப் போய், லைன் வீடுகளின் நிலைகளை ஒவ்வொன்றாகப் பெயர்க்கச் சொன்னார். எஸ்டேட் மேனேஜர் ஓடிவந்து இது யார் உத்தரவு என்று கேட்டார். தம் வீட்டு உயரம் எங்கேயும் குனிந்து நுழைவதற்கில்லை என்று ஒச்சாண்டி பதில் சொன்னார். மேனேஜர் அவரையும், பின்னால் நிமிர்ந்து நின்ற பிள்ளைகளையும் பார்த்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிப் போனார். மரத்தை இழைக்கும்போது மொக்கம்மாள் கீழே உட்கார்ந்து சீவல்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நிலையிலும் முதலில் நுழையச் சொல்லி அருள்செல்வியைக் கூப்பிட்டார்கள். அவள் பழக்கத்தில் முதல் இரண்டு வாசல்களில் தலையைத் தாழ்த்தினாள், பிறகு தாழ்த்தவில்லை.

இப்போது மேகமலையில் அந்த லைன் வீடுகளுக்கு எல்லாம் ஏழடி நிலை. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஏன் என்று கேட்பதில்லை. ஆடி மாதத்தில் சாரல் உள்ளே அடிக்கிறது என்று மட்டும் சொல்கிறார்கள்.