கேட்காமல் போன இரண்டு நாள்

சாட்சிக் கூண்டின் கம்பி என் மகளின் கழுத்து வரை வந்தது. யாரோ ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்கள். அதில் ஏறி நின்று, வகுப்பில் பாட்டு ஒப்பிப்பதுபோல் மூச்சுவிடாமல் சொன்னாள்: "அப்பா என்னைக் கடத்தல. நான்தான் போன் பண்ணி வரச் சொன்னேன். எனக்குப் போகணும்னு இருந்துச்சு."

ஒன்பது வயது. ஒரு மாதமாகக் குளியலறையில் இதைத்தான் முணுமுணுத்திருக்கிறாள். நான் ஒரு மரமண்டை, ஏதோ பள்ளிக்கூடப் பாடம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீதிபதி நல்ல மனுஷி. பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ பொய் சொல்லலம்மா. ஆனா சின்னப் பிள்ளைங்க சம்மதம் சட்டத்துல செல்லாது. அம்மா பொறுப்புல இருக்கிற பிள்ளைய, அம்மாகிட்ட கேட்டுத்தான் கூட்டிட்டுப் போகணும்."

விவாகரத்தின்போது பிள்ளையை என் பொறுப்பில்தான் விட்டார்கள். அன்று பள்ளி விட்டு அவள் என் தையல்கடைக்கு வரவில்லை. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. காவல் நிலையத்தில் புகார்த் தாளில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் நாள் காலையில் அவள் அப்பாவே கொண்டுவந்து விட்டார். குழந்தை காலில் புதுச் செருப்பு, முகமெல்லாம் சிரிப்பு. நான் காவல் நிலையத்துக்கு ஓடிப்போய், "புகாரைக் கிழிச்சுப் போட்டுடுங்க சார்" என்று கெஞ்சினேன். "கடத்தல் கேசும்மா, அரசாங்கம் நடத்துறது. இனிமே உங்க கையில இல்ல" என்றார்கள். துணியைத் தப்பாக வெட்டினால்கூட ஒட்டுப் போட்டுச் சமாளித்துவிடுவேன்.

என்னிடமும் கூண்டில் ஒரே கேள்விதான் கேட்டார்கள். அனுமதி கொடுத்தீர்களா? இல்லை என்றேன். உண்மை அதுதானே. முந்தின வாரம் "ரெண்டு நாள் அப்பாகூட இருந்துட்டு வரட்டுமா?" என்று அவள் கேட்டபோது, கத்தரிக்கோலிலிருந்து கண்ணெடுக்காமல் "சும்மா இரு" என்றவள் நான். சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இது கடத்தலே இல்லை. பாவி, அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை.

பத்து நாள் கழித்துத் தீர்ப்பு. ஓராண்டுச் சிறை. போலீஸ் வேனில் ஏறப்போனவர் படியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தார். மகள் கையைப் பாதி தூக்கினாள். சட்டென்று இறக்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, அப்பாவுக்கு டாட்டா காட்டட்டுமா? நீ சரின்னு சொன்னாத்தான செல்லும்?"

தலையைத்தான் ஆட்ட முடிந்தது. அது போதுமா என்று தெரியாமல், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். வேனின் கதவைச் சாத்தினார்கள்.