மெக்கானிக்கல் படித்த கை

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கிய அன்று மாலை, தையல்காரம்மாவின் மகளுக்குப் பத்து விரல் நுனிகளிலும் எண்ணெய் கசியத் தொடங்கியது. தரமான மெஷின் எண்ணெய், தேன் நிறம், வாடை அதிகமில்லை. சந்தோஷமாக இருந்தால் நீர்த்து ஓடும். கோபம் வந்தால் கிரீஸாகக் கெட்டிப்படும். வீட்டுக் கதவுகள் கிரீச்சிடுவதை நிறுத்தின, தையல் மெஷின் பூனை நடப்பதுபோல ஓடியது. ஆனால் தைக்க வந்த துணியெல்லாம் கறை. யாரோ கல்யாணத்துக்குக் கொடுத்திருந்த வெள்ளைத் துணி பாழானபோது தையல்காரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவளோடு படித்தவர்களில் ஒருவன் வங்கிக்குப் போனான், ஒருவன் காப்பீடு விற்றான், பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்கள், ஒருத்தி கேக் கடை வைத்து நன்றாகவே இருந்தாள். ஒருவரும் ஒரு நட்டைக்கூட முடுக்கவில்லை. அதைத் தப்பு என்று சொல்ல முடியுமா, வயிறு என்று ஒன்று இருக்கிறதே. இவளும் போய்ப் பார்த்தாள். வங்கியில் அவள் தொட்ட காகிதமெல்லாம் கண்ணாடியாகி, பின்பக்கத்து எழுத்து முன்பக்கம் தெரிந்தது. ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். டியூஷன் சென்டரில் சாக்பீஸ் கையில் நிற்கவில்லை. மூன்றாவதாகப் போன சாஃப்ட்வேர் ஆபீசில் மேலாளரம்மா நயமாகத்தான் சொன்னார்: "இதை மட்டும் குணப்படுத்திட்டு வாங்கம்மா, சீட் உங்களுக்குத்தான்."

தையல்காரம்மா விடுவாரா? டாக்டரிடம் நடையாய் நடந்து ஒரு களிம்பு வாங்கி வந்தார். ஒருமுறை தடவினால் போதும், எண்ணெய் பிறகு ஜென்மத்துக்கும் வராதாம். மகளை உட்காரவைத்து வலது கையில் தானே தேய்த்துவிட்டார். மாலைக்குள் கை காய்ந்து, பச்சைப் பிள்ளையின் கைபோல ஆகிவிட்டது. மகள் அந்தக் கையைத் தையல் மெஷின் சக்கரத்தில் வைத்துப் பார்த்தாள். எங்கே இறுக்கம், எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று தொட்டதும் சொல்பவள், சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டி உருட்டிப் பார்த்தாள்.

"இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலம்மா."

"வேலை கிடைச்சா எல்லாம் சரியாயிடும்டி. அந்தக் கையையும் காட்டு."

மகள் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். தரையில் கிரீஸ் கட்டிகட்டியாக விழுந்தது. தையல்காரம்மாவுக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் அழுகை வந்தது. பெற்ற பிள்ளையின் கையை நாமே அடைத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது. களிம்பைத் தூக்கிக் குப்பையில் போட்டார். சாஃப்ட்வேர் ஆபீஸ் சீட்டும் அதோடு போயிற்று.

பம்பு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இரண்டு பேருமே போனார்கள். அங்கே மெஷின்களுக்கு நடுவே பெண்கள் வேலை பார்த்ததே கிடையாது. பராமரிப்புப் பிரிவின் தலைவர் சான்றிதழைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, மகளின் இடது கையிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. இதுவும் போச்சு என்று தையல்காரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தலைவரோ அந்தச் சொட்டைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து, மோந்து பார்த்தார். இதுவரை எல்லோரும் கேட்டது, இது எப்போதிலிருந்து என்றுதான். அவர் கேட்டது எண்ணெய் எவ்வளவு கெட்டி என்று.

"கிரேடு முப்பத்திரண்டா, நாற்பத்தாறா?"

"சாதாரணமா முப்பத்திரண்டு சார். கோபம் வந்தா கிரீஸ்."

"இங்க கோபத்துக்குக் குறைச்சலே இருக்காது. திங்கட்கிழமை வந்துடுங்க."

வலது கையில் எண்ணெய் திரும்பவே இல்லை. அந்தக் கையால் அவள் கையெழுத்துப் போட்டாள், இடது கையால் மெஷின்களைத் தொட்டாள்; பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் அந்தப் பிரிவுக்கே தலைவியாகவும் ஆனாள். அதெல்லாம் பின்னால் நடந்தது. அன்று, தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் தையல்காரம்மா மகளின் இடது கையை இழுத்துத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டார். எண்ணெய் கழுத்துவரை வழிந்தது. துடைக்காமல் அப்படியே நூல் வாங்கக் கடைக்குப் போனார்.

"என்னம்மா, கன்னமெல்லாம் எண்ணெய்?" என்றார் கடைக்காரர்.

"பொண்ணு கையில வர்றது. அவளுக்கு வேலை கிடைச்சிருக்கு."

"அப்படியா! எந்தக் கம்பெனி?" என்று கேட்டுக்கொண்டே அவர் நூல்கண்டுகளை எடுத்து வைத்தார்.