பூமிநாதனின் பயத்தை எடுத்தவர்கள்

1

இந்தக் கதை ஒரு நாயிடமிருந்து வந்தது. நான் கண்ணால் பார்க்காத ரஷ்ய நாட்டு நாய். அறிவொளி வகுப்பில் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஜெப ஷீலா, காலேஜ் பரீட்சை முடிந்ததும் தன் மனோதத்துவப் பாடப் புத்தகத்தைத் தந்துவிட்டுப் போனது.

"வாசிச்சுப் பழகுங்கண்ணே. புரியலைன்னா படத்தைப் பாருங்க."

படத்தில் அநேகம் பேர் தாடி வைத்திருந்தார்கள். மனதைப் பற்றி யோசித்தால் தாடி வளரும்போல.

பாவ்லோவ் என்பவர் நாய்க்குத் தீனி வைக்கும்போதெல்லாம் மணியடித்தாராம். பிறகு தீனியில்லாமல் மணி மட்டும் அடித்தாலும் நாய்க்கு எச்சில் ஊறியதாம். அந்த இடத்தில் எனக்குப் பூமிநாதனின் முழங்கால் ஞாபகம் வந்தது. கூடவே ஒரு பயமும் வந்தது. ஒரு ஆளைப் புத்தகத்துக்குள் நின்றுகொண்டு பார்க்கலாமா?

(பூமிநாதன் என்று ஒருவன் இல்லை. கரிமூட்டம் போடுகிற நாலைந்து பேரை ஒருவனாக்கியிருக்கிறேன். அதில் நானும் உண்டு. எந்தப் பகுதி என்று கேட்க வேண்டாம்.)

2

முதல் ஆரம்பம்: 'திருச்சுழிக்குத் தெற்கே சூரியன் தகித்துக்கொண்டிருந்த ஒரு நண்பகலில்' — வேண்டாம். வெயிலைப் பற்றி எங்கள் பக்கத்து ஆளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது.

இரண்டாவது: 'பூமிநாதன் பயந்தாங்கொள்ளி இல்லை. ஆனால்' — ஆனால் என்று எழுதியதுமே அவன் முகம் சுண்டிவிட்டது. விட்டுவிட்டேன்.

மூன்றாவது, இதோ. சீமைக்கருவேல விறகைக் குவித்து அடுக்கி, தழையும் மண்ணும் போட்டு மூடி, உள்ளே தீ வைப்பதுதான் மூட்டம். காற்றுப் புகாமல் வெந்தால் கரி. மேல்மண் எங்காவது உள்வாங்கிக் காற்றுப் புகுந்துவிட்டால் அத்தனையும் சாம்பல். அதனால் ஒருவர் மேலே ஏறிச் சேற்றை அப்பி அடைக்க வேண்டும். கால் வைக்கிற இடத்துக்குக் கீழே விறகு இருக்கிறதா, வெறும் தீ இருக்கிறதா என்று மண் சொல்லாது.

போன மூட்டத்தில் ஏறியவன் மொக்கையன். பூமிநாதனின் மனைவி ராமலட்சுமிக்கு அண்ணன். மண் உள்வாங்கியது. இடுப்புவரை உள்ளே போய்விட்டான். பூமிநாதன் குடம்குடமாகத் தண்ணீரை ஊற்றி அவனை இழுத்துப்போட்டான். நெருப்பில் தண்ணீர் விழுந்த சத்தம், சுர்ர்ரென்று, மொக்கையனின் அலறலுக்கு மேலே கேட்டது. மொக்கையன் பிழைத்தான். ஒரு கால் முழங்காலோடு போயிற்று.

அன்றிலிருந்து, ராமலட்சுமி தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தாலும் பூமிநாதனுக்கு முழங்கால் மடங்கிவிடும்.

3

பயந்தவர்களுக்கு எங்கள் பக்கம் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீர்ச் செம்பில் முக்கி, அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பார்கள். ராமலட்சுமியும் கொடுத்தாள்.

"கண்ணை மூடிட்டு ஒரே மடக்கா குடிங்க. பயம் தெளிஞ்சிரும்."

அரிவாள் செம்புக்குள் இறங்கியது. சுர்ர்ர். பூமிநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு சரிந்தான்.

"பயம் ரொம்ப உள்ள போயிருக்கு," என்றாள் அவள். "வெள்ளிக்கிழமையும் காய்ச்சணும்."

வெள்ளிக்கிழமையும் காய்ச்சினாள். செவ்வாய்க்கிழமையும். மருந்தே மணியாக அடித்துக்கொண்டிருந்தது அந்த வீட்டில். அவள்மேல் பிசகு சொல்ல முடியாது. பிரியத்தில்தான் அரிவாள் அத்தனை சிவப்பாகக் காய்ந்தது.

(அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: வாட்சன் என்பவர், ஒரு கைக்குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்பை அடித்துச் சத்தம் எழுப்பினாராம். பிறகு எலியைக் கண்டாலே பிள்ளை வீறிட்டதாம். அந்தப் பயத்தை எடுத்துவிட்டுத்தான் அனுப்பினார்களா என்று தேடினேன். எடுக்கவில்லை என்று போட்டிருந்தது. அந்தப் பக்கத்தை நான் மறுபடி திருப்பவில்லை.)

4

இந்த வருஷ மூட்டம் புகைய ஆரம்பித்தது. காலையில் கிழக்கோரம் மண் லேசாக உள்வாங்கியது. ராமலட்சுமி சேலையைத் தூக்கிச் செருகினாள்.

"நீங்க கீழ நின்னு சேத்தை எடுத்துக் குடுங்க. நான் ஏறுறேன்."

வேலிமரத்து நிழலில் கவட்டுக்கட்டையைச் சாத்திவைத்து உட்கார்ந்திருந்த மொக்கையன் குரல் கொடுத்தான்.

"என்ன மாப்ள, எந்தங்கச்சிய ஏத்திவிட்டு வேடிக்கை பாக்கப் போறியா? வெந்தது எங்காலு. உங்காலு சும்மாதான கெடக்கு?"

"அண்ணே, பேசாம இரு."

"ஒத்தக்கால வச்சுக்கிட்டு வேற என்ன செய்ய? பேசத்தான் முடியும்."

பூமிநாதன் ஏறாவிட்டால் அவள் ஏறுவாள். யாரும் ஏறாவிட்டால் வருஷச் சோறு சாம்பல். கதையை இங்கே நிறுத்தினேன். எழுதுகிறவனுக்கு இந்த ஒரு வசதி உண்டு. புகையை அந்தரத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தைப் புரட்டலாம்.

5

பிராய்டு, உள்ளே புதைந்ததைப் பேசவிடச் சொல்கிறார். பூமிநாதனைப் படுக்கவைத்துச் சின்ன வயதைக் கேட்டு எழுதினேன்.

"எங்காத்தா நல்லாத்தானண்ணே இருந்தா," என்றான். "அவளை எதுக்கு இதுல இழுக்குறீக?"

அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

வில்லியம் ஜேம்ஸ், பயந்து ஓடுவதில்லை, ஓடுவதால்தான் பயப்படுகிறோம் என்கிறார். உடம்பு முந்தி, மனசு பிந்தி. 'பூமிநாதன் முழங்காலைக் கயிற்றால் இறுக்கிக்' — கட்டிய காலோடு எப்படி ஏறுவான்?

கடைசியில் மேரி ஜோன்ஸ். இவருக்குத் தாடி இல்லை. முயலுக்குப் பயந்த ஒரு பிள்ளைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்து, அவன் தின்னும்போது முயல் கூண்டைத் தூரத்தில் வைத்தார். பிறகு கொஞ்சம் கிட்டே. பிறகு இன்னும் கிட்டே. கடைசியில் பிள்ளை முயலைத் தடவிக்கொடுத்தான்.

கதையைப் பின்னால் நகர்த்தி, மூட்டத்துக்குத் தீ வைப்பதற்கு முந்தைய மாசத்துக்குப் போனேன். அரிவாளைச் செருகி வைக்கச் சொல்லிவிட்டு, ராமலட்சுமியின் கையில் அருப்புக்கோட்டைக் காராச்சேவுப் பொட்டலத்தைக் கொடுத்தேன். பூமிநாதன் தெருவில் நின்று கொறிக்க, அவள் உள்ளே அடுப்படியில் கல்லில் தண்ணீர் தெளித்தாள். மறுநாள் அவன் வாசலில். பிறகு நடுவீட்டில்.

"என்ன, பச்சப்புள்ளைக்குச் சோறூட்டுற மாதிரி?" என்று சிரித்தான்.

"பச்சப்புள்ளை இம்புட்டு திங்காது."

மாசக் கடைசியில் அவனே கல்லில் தண்ணீர் தெளித்தான். சுர்ர்ர். முழங்கால் நின்றது. ராமலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எழுதின எனக்கும் சந்தோஷம்தான்.

6

அந்தரத்தில் நின்ற புகையை விட்டேன். பூமிநாதன் சேற்றுச் சட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறினான். வாயில் ஏதோ முணுமுணுப்பு. முகத்தில் சிரிப்பு.

"மாப்ள, நில்லு."

"என்ன மச்சான்?"

"அன்னைக்கு நானும் இப்படித்தான் சிரிச்சுக்கிட்டே ஏறுனேன்."

மொக்கையனுக்கு இந்தப் பேச்சை நான் யோசித்து வைக்கவில்லை. கை எழுதிவிட்டது.

மணி வெறும் மணிதான். முயல் யாரையும் கொல்லாது. மூட்டத்துக்குள் நிஜமாகவே தீ இருக்கிறது. சரியான பயத்தை என்ன செய்வது? காரியாபட்டி பஸ்ஸுக்கு நின்ற ஜெப ஷீலாவிடம் கேட்டேன்.

"அது நோய் இல்லையேண்ணே. அதான் பாடத்துல வரல."

அப்படியானால் நான் எடுத்தது எதை? ராமலட்சுமி ஏறிவிடக்கூடாதே என்று இவன் பயத்தை எடுத்தேன். இவனைப் பிடித்து நிறுத்த இருந்ததும் அது ஒன்றுதான்.

7

முடிவுகள்.

அ) பூமிநாதன் கம்பால் தட்டிப் பார்க்கிறான். மண் கெட்டியாக — அப்படி எழுத எனக்கு என்ன தெரியும்? மொக்கையனும் தட்டித்தான் பார்த்தான்.

ஆ) ராமலட்சுமி அவனைக் கீழே இழுத்துவிடுகிறாள். பகலெல்லாம் மூட்டம் சாம்பலாவதை மூன்று பேரும் பார்க்கிறார்கள். மறுநாள் சோற்றுக்கு — அந்த மறுநாளை எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

இ) எடுத்த பயத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். எழுதினவனால் முடியாதா என்ன? ஆனால் கொடுத்தால் முழங்கால் மடங்கும். மடங்குகிற இடமா அது?

ஆக, நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். ராமலட்சுமி கீழே அண்ணாந்து நிற்கிறாள். மொக்கையன் எழுந்திருக்கப் பார்க்கிறான். பூமிநாதன் இடது காலை ஊன்றி வலது காலைத் தூக்கியிருக்கிறான். கால் அந்தரத்தில் இருக்கும்வரை அவனுக்கு ஒன்றுமில்லை. நீங்கள் வாசித்து முடித்ததும் அது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும்.

கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள்.