கிடாய்க்கு மட்டும் முகம்

அருப்புக்கோட்டையில் ஸ்டுடியோ வைத்திருக்கிற சௌந்தர் இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்கி ஏழு மாதம் ஆகிறது. போட்ட ரீல்ஸை எல்லாம் அவனும் அவன் மனைவி ஸ்ருதியும்தான் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பேர்ப்பட்ட பக்கத்தில் ஒரு காதுகுத்து ரீலை ஒரே நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தால் மனுசன் ஆடமாட்டானா? ஆடினான்.

மறுநாள் காலையில் கடை வாசலில் புல்லட் வந்து நின்றது. வந்தவர் பரளச்சி ஊர்க்காரர் கருத்தப்பாண்டி. காது குத்திக்கொண்ட பிள்ளைக்குத் தாய்மாமன். அடுத்த மாதம் அவர் மகள் பேச்சிக்குக் கல்யாணம். படம் எடுக்கும் வேலையைச் சௌந்தருக்குத்தான் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் அவன் புது லென்ஸே வாங்கியிருந்தான்.

"அந்தப் படத்தப் போட்டுக் காட்டு" என்றார்.

சௌந்தர் பெருமையாகப் போட்டான். மேளம் முழங்க, மாலை போட்ட கிடா ஒன்று நடுரோட்டில் கம்பீரமாக நடந்து வந்தது. அதன் கயிறு படத்தின் ஓரம் வரை போயிற்று. அங்கே ஒரு கை. அவ்வளவுதான். அடுத்து பிள்ளை வீறிட்டு அழுதது, அதற்குக் கீழே ஒரு வேட்டி மடி.

"இந்தக் கை யாரு கை?"

"உங்க கைதாண்ணே."

"மடி?"

"அதுவும்..."

"அப்ப என் மூஞ்சி எங்கப்பா?"

அடப்பாவி! அகலமாக எடுத்த படத்தைப் போனுக்காக நெட்டுவாக்கில் நறுக்கினபோது, ஓரத்தில் வந்த தாய்மாமனும் சேர்ந்து போய்விட்டார். மடியில் உட்கார வைத்துக் காது குத்தினவரை விட்டுவிட்டு ஒருத்தன் காதுகுத்துப் படம் போடுவானா? இவன் போட்டிருக்கிறான். பயம் வந்தால் சௌந்தருக்கு வீட்டில் பேசுகிற தெலுங்குதான் வாயில் வரும். அன்றைக்கும் "தேவுடா!" என்றான்.

"அம்பத்தோரு தட்டுச் சீரு! ஊரே பாக்க முன்னால நடந்து வந்தவன் நானு. கிடாய்க்கு மூஞ்சி இருக்கு, எனக்கு இல்ல. கிடாதான் சீர் கொண்டாந்துச்சான்னு என் தங்கச்சி மாமியா கேக்குறாக!"

"இப்பவே அழிச்சிர்றேண்ணே."

"அழிப்ப. பாத்த நாப்பதாயிரம் பேரையும் என்ன செய்வ? அவுக அத்தன பேரும் என் மூஞ்சியப் பாக்கணும். இல்ல, கல்யாணத்துக்குக் காரியாபட்டி ஸ்டுடியோக்காரனக் கூப்பிட்டுக்கிறேன்."

அன்றைக்கே அவரை நிற்க வைத்து, மீசையை முறுக்கச் சொல்லி, முகத்தை மட்டும் ஒரு ரீலாகப் போட்டான். சாயங்காலம் வரை ஓடினது பத்தொன்பது தடவை. அதில் பதினேழு தடவை பார்த்தவர் கருத்தப்பாண்டி. கீழே ஒரே ஒரு கமெண்ட்: "கிடா எங்கே?"

மறுநாள் வாசலில் லோடு ஆட்டோ. அவர் இறங்கினார், பின்னாலேயே ஒரு கிடாயும் இறங்கியது.

"அன்னைக்கு வந்தது கொழம்பாயிருச்சு. இது அதோட கூடப்பொறந்தது" என்றவர், தரையில் குத்தவைத்து, கிடாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தோடு கன்னத்தை ஒட்டினார். "இப்ப நீ என்னைய எப்படி நறுக்கிவிடுறன்னு பாக்குறேன்!"

கிடா அவர் மீசையை மென்றது. அவர் அசையவில்லை. சௌந்தர் எடுத்துப் போட்டுவிட்டான்.

மதியத்துக்குள் அறுபதாயிரம். ஆசையாகக் கமெண்டைத் திறந்தான். "கிடா சூப்பர். பக்கத்துல யாரு?" என்று எவனோ கேட்டிருந்தான். போச்சு, பேச்சி கல்யாணம் போச்சு!

ஸ்ருதிதான் அதற்குக் கீழே விரலை வைத்துக் காட்டினாள். கருத்தப்பாண்டியே பதில் எழுதியிருந்தார்: "தாய்மாமன்." அதற்கு எண்ணூறு பேர் லைக் போட்டிருந்தார்கள்.

போன் அடித்தது.

"தம்பி, கல்யாணத்துக்கு ஆறாந்தேதி காலைல வெள்ளனமே வந்துரு. கிடாயவும் மேடைக்குக் கூட்டியாரேன். எடம் பத்தலன்னா மாப்பிள்ளைய ஓரத்துல விட்டுக்க."